தாத்தாவுக்குத் தாடி முளைத்த கதை

என் தாத்தா ஒரு பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் யாருக்கும் சொல்லாமல் விட்டதால்தான் போன ஆகஸ்ட் விடுமுறையில் பதுளையில் அப்படி ஒரு கூத்து நடந்தது.

எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும் கூப்பிடுவோம். பெற்ற தகப்பன் வாப்பா. அந்த வாப்பாவைப் பெற்ற கிழவர் அப்பா. பதுளை பஸாரில் பிறந்தவனுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. நமுனுகுல, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து என் இரும்புக் கடைக்கு வருகிறவர்கள் தாத்தா என்றால் அது மீசை நரைத்த கிழவர். நான் தாத்தா என்றால் அது கடைக்குப் பின்னால் அடுப்படியில் வட்டலப்பம் அவித்துக்கொண்டிருக்கும் ஸிஹாமா. இத்தனை வருடமாக இரண்டு வகைத் தாத்தாக்களும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் இந்த ஊரில் நடமாடினார்கள்.

ஸிஹாமா தாத்தாவுக்கு எழுபத்து மூன்று வயது. எனக்கு ஐந்து வயது மூத்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள். பிறகு லொறி ஓட்டிய லத்தீப் மச்சானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மச்சான் மவுத்தாகித் தாத்தா தனியான பிறகு என் வீட்டுக்கே வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து அது என் வீடு இல்லை. டீவி எந்தச் சானலில் ஓட வேண்டும், மீன் எந்தக் கடையில் வாங்க வேண்டும், நான் எந்தச் சட்டை போட வேண்டும் எல்லாம் அவர் கையில். கெரம் விளையாடினால் கூசாமல் கள்ள ஆட்டம் ஆடுவார். பிடிபட்டால் பலகை சரிவாக இருக்கிறது என்பார்.

ஒரு தடவை குடையை ஹோட்டல் வாசலில் மறந்துவிட்டு எல்லவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார். பாதி வழியில் ஞாபகம் வந்தது. கண்டக்டர் பஸ்ஸைத் திருப்ப முடியாது என்றான். தாத்தா எழுந்து டிரைவரின் பக்கத்தில் போய் நின்று, அவனுடைய உம்மா எப்படி அவனை வளர்த்திருப்பாள் என்று சிங்களத்தில் விசாரிக்கத் தொடங்கினார். பஸ் திரும்பியது. முதுகில் மூட்டை சுமந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். அவர்களுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. இப்படிப்பட்டவரைத்தான் ஊரில் எல்லோரும் அடக்கமான பெண் என்றும், எங்கள் தங்கை ஸைனப்பைக் கலகக்காரி என்றும் சொன்னார்கள். ஊருக்குக் கண் எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

ஸைனப் கலகக்காரிதான், அதை மறுக்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து சட்டம் படிக்கப் போன முதல் பெண். இரண்டு மாப்பிள்ளைகளை நேருக்கு நேர் வேண்டாம் என்று சொன்னவள். ஒரு தோட்டத்தில், பிள்ளை பெற்று வந்த பெண்களுக்கு இனி வேலை இல்லை என்றபோது, விடியும் முன்பே அந்த மலைக்கு ஏறிப் போய், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் அந்தப் பெண்களோடு வரிசையில் நின்றவள். கறுப்புக் கோட்டோடு நின்றாள். கங்காணி பேர் வாசித்து முடித்ததும், "என் பேரையும் போடுங்க, நானும் வேலைக்கு வந்தவதான்," என்றாளாம். அன்றைக்கு அவளுக்கும் ஒரு கொழுந்துக் கூடை கொடுத்தார்கள். வழக்கு ஜெயித்தது. கொழுந்து என்னவோ கால் கூடைகூட நிறையவில்லை.

இந்த இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்தால் அடுப்பு எரிய விறகே வேண்டாம். உப்பு கூட, உப்புக் குறைவு, கதவைச் சாத்து, கதவைத் திற. ஒருவரை ஒருவர் பாராட்டி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு கொழும்பில் ஸைனப் நோயில் கிடந்தபோது நாங்கள் பார்க்கப் போனோம். அப்போதும் தலையணையைச் சரியாக வைக்கத் தெரியவில்லை என்று தாத்தாவைக் கடித்தாள். நாங்கள் புறப்படும்போது மட்டும், தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் பேரைச் சொல்லி, "ஒங்களப் பத்தி சொல்ல வேண்டியத எல்லாம் கேஷானிக்கி சொல்லிட்டேன். புத்தகம் வந்தா பாத்துக்கோங்க," என்றாள். தாத்தா அதற்கு, "நல்லதா ஒண்டும் சொல்லி இரிக்க மாட்ட," என்றார். அதுதான் இருவரும் கடைசியாகப் பேசியது.

அதன் பிறகு தாத்தா அந்தப் புத்தகத்துக்காகவே காத்துக்கொண்டிருந்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பால்காரனிடம் சொன்னார், மீன்காரனிடம் சொன்னார், தையல்காரியிடம் சொன்னார். "என் தங்கச்சி என்னப் பத்திப் புத்தகத்துல சொல்லி ஈக்கா." என்ன சொல்லியிருக்கிறாள் என்று யாராவது கேட்டால், "அது வரக்கொள்ள பாருங்க," என்று பெரிய இரகசியம்போலச் சிரிப்பார். அவருக்கே அது தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் துடித்தார்.

கேஷானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமுனுகுல மலையில் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பிள்ளை. அவளுடைய அம்மா றீட்டா, ஸைனப்போடு அன்றைக்குப் பெரட்டில் நின்ற பெண்களில் ஒருவர். கேஷானி இப்போது கொழும்பில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள். ஸைனப்பின் நோய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் ஃபோனில் குரல் பதிந்து இந்த வாழ்க்கை வரலாற்றை எழுதியவள். கெட்டிக்காரி, பணிவான பிள்ளை. ஆனால் அவள் மலையிலிருந்து பஸாருக்கு வந்தால் எங்களை "நானா" என்று கூப்பிட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியவள். கடைக்குப் பின்னால் வீட்டுக்குள் யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? லயத்துக்குள் நடப்பது மட்டும் எனக்குத் தெரியுமா? ஸைனப் இறந்து, மையத்தை அடக்கிய நாளில் வந்தபோதும் தாத்தாவை "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிட்டாள்.

புத்தகத்தைப் பற்றிப் பதுளையில் ஒரு கூட்டம் வைப்பதாக முடிவானது. முடிவு செய்தவர் என் பெரியவாப்பா மகன் ஹுமைத் நானா. துணிக்கடை முதலாளி. ஸைனப் உயிரோடு இருந்தபோது அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனவர். திடீரென்று மண்டபம் பிடித்தார், பேனர் அடித்தார், சம்சாவுக்கும் ரோல்ஸுக்கும் சொல்லிவைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டத்துக்கு முந்திய நாள் காலையில் புத்தகத்தோடு என் கடைக்கு வந்து சொன்னார்:

"பஸீல், எங்கட அப்பாக்கு ஒரு முழு அத்தியாயம் ஈக்கி. அப்பாதான் ஸைனப்ப படிக்க வெச்சாங்களாம். நான் குடுத்த போட்டோவும் போட்டீக்கி."

நான் புத்தகத்தைப் பிரித்தேன். நான்காம் அத்தியாயம். தலைப்பு, 'தாடி வைத்த தாய்'. பக்கத்தில் எங்கள் அப்பா வெள்ளைத் தாடியோடு முறைத்துக்கொண்டிருக்கிறார். கீழே எழுதியிருக்கிறது: ஸைனப்பின் தாத்தா.

வாடிக்கையாளரை நிற்கவைத்துவிட்டு அந்த அத்தியாயத்தை வாசித்தேன். பேத்தி வயதுக்கு வந்ததும் அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்தினாராம். கொடுங்கோலனான அந்த அப்பாவை எதிர்த்து, ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்த ஏழைத் தாத்தா எழுந்தாராம். தன் வெண்தாடியைத் தடவியபடி இரவெல்லாம் யோசித்தாராம். மறுநாள், தூங்கிக்கொண்டிருந்த மகனுடைய பல்செட்டை எடுத்து அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்தாராம். பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் பல் திரும்ப வரும் என்றாராம்.

முதலில் சிரித்தேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்த தராசு ஆடும் அளவுக்குச் சிரித்தேன். எங்கள் வாப்பா சாகும்வரை பாக்கைப் பல்லால் கடித்து உடைத்தவர். பல்செட் அந்தக் கிழவர் அப்பாவுடையது. பள்ளிக்கூடத்தை நிறுத்தியதும் அப்பாதான். ஸிஹாமா தாத்தாவின் படிப்பை நிறுத்தியதும் அதே அப்பாதான். தங்கைக்கும் அதே நிலைமை வந்தபோது, பகல் தூக்கத்தில் இருந்த அப்பாவின் பல்லைக் கண்ணாடிக் கிளாஸிலிருந்து தூக்கியது இருபத்தொரு வயது ஸிஹாமா. பல்லில்லாமல் வெளியே போக அப்பாவுக்கு வெட்கம். வீட்டு எலியைச் சந்தேகப்பட்டார், பூனையைச் சந்தேகப்பட்டார், என்னைக்கூடச் சந்தேகப்பட்டார். கஞ்சி குடித்தே கிடந்தார். கடைசியில் விஷயம் விளங்கி விட்டுக்கொடுத்தார். ஸைனப் வெள்ளைச் சீருடையோடு வாசல் தாண்டிய காலையில் பல் கிளாஸுக்குத் திரும்பி வந்தது. இது எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த கதை. ஹுமைத் நானா வீட்டுக்கு அது போய்ச் சேரவில்லை.

ஸைனப் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். எங்கள் பேச்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி "தாத்தா வந்த", "அப்பா சொன்ன" என்றுதான் வரும். எழுதிய பிள்ளையின் காதில் தாத்தா கிழவராகி, அப்பா தகப்பனாகிவிட்டார். சிரித்து முடித்த பிறகுதான் தாத்தாவின் நினைவு வந்தது. புத்தகத்தின் மற்றப் பக்கங்களைப் புரட்டினேன். ஸிஹாமா என்ற பெயர் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. இறுதிச் சடங்கு நாளில் 'சுவையான வட்டலப்பம் தந்த உறவினர்'.

"இதுல பிழ ஈக்கி நானா," என்றேன்.

"அச்சடிச்சதுல என்ன பிழ?" என்றார் ஹுமைத் நானா. பேனரில் அப்பாவின் படமும் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கேஷானிக்கு ஃபோன் எடுத்தேன். அணைத்துவைத்திருந்தாள். எழுதி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. தாத்தாவிடமாவது சொல்லிவிடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அவர் ஊதா நிறச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"தாத்தா, புத்தகம் வந்தீக்கி. வாசிச்சிக் காட்டவா?"

"வாணாம். நாளைக்கி அந்தப் புள்ள வாயாலயே கேக்குறேன். ஒனக்கி வாசிக்கவும் தெரியாது, இழுத்து இழுத்து வாசிப்ப."

"இல்ல தாத்தா, அதுல ஒரு விஷயம்..."

"பஸீல், வாய மூடு. நான் ரெண்டு வருஷம் காத்திட்டு ஈக்கேன். இன்னும் ஒரு நாள் எனக்கி பெரிசில்ல."

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நான் கடைக்குத் திரும்பினேன்.

மறுநாள் நல்ல வெயில், காற்றும் சூடு. மண்டபம் நிரம்பிவிட்டது. ஒரு பக்கம் பஸார் ஆட்கள், மறுபக்கம் வேன் பிடித்து வந்திருந்த தோட்டத்துப் பெண்கள். முன் வரிசையில் ஊதாச் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தாத்தா. வாசலில் நின்று கேஷானியை மடக்கிப் பிடிக்கலாம் என்று நான் காத்திருந்தேன். அவள் வந்த ரயில் வழக்கம்போல் தாமதம். ஓட்டமும் நடையுமாக வந்தவளை ஹுமைத் நானா அப்படியே கையைக் காட்டி மேடைக்கு ஏற்றிவிட்டார். அவரும் ஏறினார். எங்கள் அப்பா பெண் கல்விக்காக வாழ்ந்தவர் என்று பேசினார். அப்பாவின் தாடியைப் பற்றி மட்டுமே நீண்ட நேரம் பேசினார். தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்து, "இவனுக்குக் காச்சலா?" என்றார்.

பிறகு கேஷானி மைக்கைப் பிடித்தாள். நேராக நான்காம் அத்தியாயத்தை வாசித்தாள். நல்ல குரல், உணர்ச்சியோடு வாசித்தாள். தாடி வந்தது. பஸார் பக்கம் ஒரு சலசலப்பு. பல்லில்லாத அப்பா வந்தார். வாப்பாவைத் தெரிந்த பழைய கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் கைக்குட்டையை வாயில் வைத்தார்கள். நான் தாத்தாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசி வாளி வந்த இடத்தில் அவருடைய தலை மெதுவாக நிமிர்ந்தது. வாசித்து முடிந்து எல்லோரும் கை தட்டும்போது அவர் எழுந்து நின்றார்.

"மகள், அந்தப் பல்ல ஒளிச்சி வெச்சது யாரு?"

கேஷானி சிரித்த முகத்தோடு, "ஸைனப் மிஸ்ஸோட தாத்தா, ஆன்ட்டி," என்றாள்.

"ஓ," என்றார் தாத்தா. "நான்தான் தாத்தா."

பஸார் பக்கம் வெடித்தது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். தோட்டத்துப் பக்கத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கேஷானியின் அம்மா றீட்டா எழுந்து, "என்னாங்க இது, பொம்பளையா இருந்துகிட்டு தாத்தாங்குறீங்க, வெயிலு ஒத்துக்கலையா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். நான் மேடையேறி மைக்கைப் பிடுங்கி, தாத்தா யார், அப்பா யார், வாப்பா யார் என்று விளக்கினேன். பல் யாருடையது என்றும் சொன்னேன். இந்தத் தடவை தோட்டத்துப் பக்கமும் சேர்ந்து வெடித்தது. றீட்டா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹுமைத் நானா. பேனரில் இருந்த அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மற்றவர் கேஷானி. அந்தப் பிள்ளை முகம் வெளிறி, கீழே இறங்கி வந்து தாத்தாவின் முன்னால் நின்றாள்.

"ஆன்ட்டி, மன்னிச்சிருங்க. தப்புப் பண்ணிட்டேங்க. இந்தப் புத்தகத்த எல்லாம் திருப்பி எடுத்துறேன்."

"என்னத்துக்கு எடுக்குற?" என்றார் தாத்தா. "தாத்தான்னுதானே போட்டீக்கி. சரிதானே. தாடிய மட்டும் எடுத்தாப் போதும்."

அங்கேயே மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். பேனா கேட்டார். வாங்கிய ஒவ்வொருவரும் வரிசையில் வந்து புத்தகத்தை நீட்டினார்கள். தாத்தா நான்காம் அத்தியாயத்தைத் திறந்து, தாடி என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் வெட்டினார். படத்திலிருந்த அப்பாவின் தாடியையும் பேனாவாலேயே அடித்துவிட்டார். "அடுத்தவங்க வாங்க, நல்லா மழிச்சி விடுறேன்," என்று கூப்பிட்டார். றீட்டா பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் எடுத்துக் கொடுத்தார். கடைசியில் ஹுமைத் நானாவும் தன் புத்தகத்தோடு வரிசையில் வந்து நின்றார். அதற்கு ஒரு தைரியம் வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

"அப்பாட பல்லு நெசமாவே அரிசி வாளியிலயா தாத்தா ஈந்துச்சி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அந்த அரிசியிலதான் அண்டைக்கி ஒங்க ஊட்டுக்கும் சோறு அனுப்பின," என்றார் தாத்தா. ஹுமைத் நானா ரோல்ஸை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

எல்லாம் சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. கூட்டம் கலையத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன், தாத்தா பேனாவை மூடிவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் காத்திருந்தது தாடி மழிக்க இல்லை. கேஷானியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"மகள், நீங்க எழுதினது நல்லா ஈக்கி. ஆனா அவ என்ன சொன்ன? அவட வாயால என்ன சொன்ன?"

கேஷானி ஃபோனை எடுத்துத் தேடினாள். றீட்டாவும் நானும் குனிந்தோம். ஹுமைத் நானா மின்விசிறியை நிறுத்தினார். ஸைனப்பின் குரல் வந்தது. இளைத்த குரல், ஆனால் அதே மிடுக்கு.

"அப்பா ஸ்கூல் போதும்னு சொன்ன. தாத்தா ஒண்டும் பேசல்ல. பல்லத் தூக்கி அரிசி வாளிக்குள்ள போட்ட. பஸீல் நானா பயத்துல கடைக்கி ஓடின..."

றீட்டா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"தாத்தா அஞ்சாம் வகுப்போட நின்டு போன. என்ன நிக்க விடல்ல. நான் கோர்ட்டுல எழும்பி நிக்கிற ஒவ்வொரு நாளும் தாத்தாவ நெனச்சிட்டுத்தான் எழும்புவேன். தாத்தா இல்லாட்டி ஸைனப்னு ஒருத்தி இல்ல."

கேஷானி நிறுத்தினாள். தாத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இதுக்கப்புறம் ஒரு வரி இருக்குங்க ஆன்ட்டி," என்றாள் கேஷானி தயங்கித் தயங்கி. "அத நான் புத்தகத்துல போடல. தாத்தா செத்து எத்தனையோ வருஷமாச்சே, மருந்து மயக்கத்துல என்னவோ பேசுறாங்கன்னு நெனச்சுட்டேன்."

"போடுங்க."

மறுபடியும் ஸைனப். அடக்கமுடியாத சிரிப்போடு, இடையில் இருமலோடு.

"இத மட்டும் தாத்தாக்கு சொல்லிராதீங்க கேஷானி. இப்பவே தல கனம் கூட. இதயும் கேட்டா வீங்கி, வாசக் கதவால உள்ளுக்கு வர ஏலாமப் போயிரும்."

தாத்தா முந்தானையை இறக்கினார். கண்ணீர் வழிய, பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மேசையிலிருந்த ஃபோனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "கேட்டுட்டேன்டி கள்ளி. வீங்கட்டும்," என்றார்.

பிறகு கேஷானியைப் பார்த்து, "இன்னொருக்காப் போடுங்க மகள்," என்றார்.